ஐம்பது வேண்டாம், இருபது போதும்

"வண்டி பின்னாடி ஒட்டியிருக்கிற இந்த மாடல் நம்பர் ஐம்பதைப் பிடுங்கிட்டு இருபதை ஒட்டிக் கொடும்மா. இல்லன்னா வண்டியே வேண்டாம்."

சாவி வாங்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டார் தொழிலதிபர்.

ஷோரூம் பெண் நீட்டிய சாவியோடு நின்றாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். இந்த மாதம் ஒரு வண்டியாவது டெலிவரி கொடுக்கவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வண்டி இதுதான்.

"சார், எல்லாரும் இருபதை வாங்கிட்டு ஐம்பது ஒட்டித் தரச் சொல்லித்தான் கெஞ்சுவாங்க. நீங்க தலைகீழா..."

"நல்லா கேளும்மா!" தொழிலதிபரின் மனைவி பொரிந்து தள்ளினாள். "காசைக் கொட்டிப் பெரிய வண்டி வாங்கி, சின்ன வண்டின்னு சொல்லிக்கணுமாம். கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி கதையால்ல இருக்கு! ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு இவர் புத்தியில ஏறுற மாதிரி சொல்லு."

பெண் மனப்பாடம் பண்ணியிருந்ததை ஒப்பித்தாள்.

"முன்னெல்லாம் இந்த எண்ணை வச்சு இன்ஜின் அளவைச் சொல்லிடலாம் சார். இப்போ அப்படி இல்லை. முதல்ல இருக்கிற எழுத்து குடும்பப் பேரு மாதிரி. எண், அந்தக் குடும்பத்துல யாரு பெரியவர்னு சொல்றது."

"வெளியே பார்த்தா?" என்று கேட்டார் தொழிலதிபர்.

"இரட்டைப் பிள்ளைங்கதான். ஓட்டினாதான் வேகம் தெரியும்."

"அப்போ இந்த நம்பர் யாருக்கு?"

"பின்னாடி வர்றவங்களுக்கு சார்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை.

எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது? அவள் மனம் கணக்குப் போட்டது. வரிக்காரர்களுக்குப் பயமா? இல்லை, எங்காவது சின்ன வீடு இருந்து, அங்கே பஞ்சப் பாட்டுப் பாடியிருக்கிறாரா? பெரிய மனிதர்களுக்கா காரணம் பஞ்சம்!

"நம்பரைக் கழட்டிடலாம் சார். வேற நம்பர் ஒட்டறதுக்கு மேனேஜர் சம்மதிக்கணும். மாற்றக் கோரிக்கைப் படிவத்துல காரணம் எழுதிக் கொடுக்கணும்."

"வெறுமனே விட்டா அண்ணன் ஏன்னு கேப்பாரு," என்றார் அவர்.

"அண்ணனா?"

"போன மாசம் இங்கதான் இருபது எடுத்தாரு. அறுபது வயசுல முதல் கார். என்னைப் படிக்க வைக்கத் தன் படிப்பை விட்டுட்டு டயர் கடையில பஞ்சர் ஒட்டப் போனவரு. இன்னிக்கு அவருக்கே மூணு கடை. போன ஞாயித்துக்கிழமை வண்டியை வீட்டு வாசல்ல நிறுத்தி, பின்னாடி நம்பரைக் கைக்குட்டையால துடைச்சுத் துடைச்சுக் காட்டினாரு. 'இருபதே அருமையா இருக்குடா, இதுக்கு மேல எதுக்கு'ன்னு நாலு தடவை சொன்னாரு. நான் இதை புக் பண்ணி ஆறு மாசம் ஆச்சு, அவருக்குத் தெரியாது. அவர் வண்டி பக்கத்துல எப்படிம்மா ஐம்பதை நிறுத்துவேன்?"

மனைவி படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் காரணத்தை எழுதிக் கொடுத்தார்.

பெண்ணுக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் இந்த மனிதரைப் பற்றி! படிவத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள். முடியாது என்றால் காலில் விழுவதென்றே முடிவு.

மேனேஜர் காரணத்தைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"இந்தக் குடும்பமா?" என்று மூக்கைச் சொறிந்துகொண்டார். "பேப்பர்ல ஐம்பதுதான் இருக்கும், அதுல கை வைக்க முடியாது. வெளியில அவர் இஷ்டம். ஒட்டிக் கொடு."

பட்டறைக்காரர் சூடான காற்றைக் காட்டி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு அறுத்து, ஐம்பதைப் பக்குவமாகக் கழற்றினார். பசையைத் துடைத்துவிட்டு இருபதை ஒட்டினார். பத்தே நிமிடம்.

"திருப்தியா?" என்று கணவரைக் கேட்டாள் மனைவி. கழற்றிய ஐம்பதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நான் ஒருத்தியாவது எடுத்துப் பார்த்துக்கறேன்."

வண்டி வாசல் தாண்டியது. வேலை தப்பியது. பெண் நீளமாக மூச்சு விட்டாள்.

படிவத்தைக் கோப்பில் வைக்கப் போனாள். மேலே இருந்த தாளில் அதே குடும்பப் பெயர், போன மாதத் தேதி. அட, அண்ணனுக்கும் மாற்றக் கோரிக்கையா?

பதிவு செய்த வண்டி: ஐம்பது. மாற்றிக் கேட்பது: இருபது.

காரணம் என்ற இடத்தில் கோணல் மாணலான கையெழுத்து:

'தம்பியும் ஐம்பது புக் பண்ணியிருக்கான்னு இங்க வந்துதான் தெரிஞ்சது. எங்க வீட்டுல அவன் வண்டிதான் பெரிசா இருக்கணும். அவன்கிட்ட சொல்லிடாதீங்க.'