மேஜரின் இடது காது

"சார், மேஜரை எங்க டீம்ல இருந்து மாத்திடுங்க" என்றாள் லீடர், குரலைத் தாழ்த்தி.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு உங்க டீம் ப்ராஜெக்டைப் பத்திப் பேசணும். இப்பப் போய் இதைச் சொல்றீங்களே?"

"நாளைக்கு எப்படியோ சமாளிச்சுக்கிறேன். அதுக்கப்புறமாவது மாத்துங்க. என்னால முடியல சார்."

அந்த எம்.பி.ஏ. வகுப்பில் பழைய வேலைதான் எல்லோருக்கும் பெயர். ராணுவத்தை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர் மேஜர். மருந்துக்கடையில் இருந்தவள் பார்மசி. வங்கியில் இருந்து வந்த இவளுக்கு மட்டும், டீமின் தலைவி என்பதால், லீடர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மேஜர் முதல் நாளே வகுப்பைச் சிரிக்க வைத்தவர். பேராசிரியர் உள்ளே நுழைந்ததும் விறைப்பாக எழுந்து நின்றார், அவர் ஒருவர் மட்டும். போட்டிக் கம்பெனியை அடித்து நொறுக்க வேண்டும், சந்தையைக் கைப்பற்ற வேண்டும் என்று மற்றவர்கள் மேசையைத் தட்டிப் பேசும்போது, ராணுவத்தில் இருந்து வந்த மனிதர் வாயே திறக்க மாட்டார். இதையெல்லாம் லீடர் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அவருடைய காதுதான்.

"மெதுவா சொல்லுங்க மேடம். பீரங்கிச் சத்தத்துல இடது காது போயிடுச்சு" என்பார். யார் பேசினாலும் இதே பாட்டு. நடுவில் யாராவது குறுக்கிட்டால், "ரெண்டு குரல் சேர்ந்தா எனக்கு ஒண்ணுமே புரியாது" என்று கெஞ்சுவார். டீ ஆறுவதற்குள் முடிய வேண்டிய வேலை பொழுது சாயும் வரை இழுக்கும்.

போதாக்குறைக்கு, பார்மசிக்குப் பேச்சு திக்கும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடுவாள். ஆரம்பத்தில் லீடர்தான் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்து அவளைக் கரை சேர்ப்பாள். அதை உதவி என்றுதான் நினைத்திருந்தாள். மேஜரின் காதுக்காக அதையும் நிறுத்த வேண்டி வந்தது. 'ஒருத்திக்கு வாய், ஒருத்தருக்குக் காது, நல்லா அமைஞ்சுது நமக்கு' என்று கணவனிடம் புலம்பாத நாள் இல்லை. இந்த ப்ராஜெக்டில் சறுக்கினால் லீடருடைய உதவித்தொகை போய்விடும்.

"நாளைக்குப் பேசறதோட ப்ராஜெக்ட் முடியலையே. நடுவுல மாத்தினா அவருக்கு இந்த மார்க் மொத்தமும் போயிடும்மா. வேற டீமோட முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இருந்த வேலையை விட்டுட்டு வந்து படிக்கிறவர்" என்றார் பேராசிரியர்.

"ராணுவத்துல இருந்தவர் சார். தாங்கிக்குவார்."

பேராசிரியர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். லீடருக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் நடுவர்களாக இரண்டு கம்பெனி அதிகாரிகள் வந்திருந்தார்கள். டீமில் எல்லோரும் பேசியாக வேண்டும், ஒருவர் சொதப்பினாலும் அடி எல்லோருக்கும்தான்.

விலை நிர்ணயம் பார்மசியின் பங்கு. எழுந்து நாலு வாக்கியம் பேசியிருப்பாள். ஒரு நடுவர் கேள்வியைப் போட்டார். அவள் வாயைத் திறக்குமுன் இன்னொருவர் அடுத்ததைப் போட்டார். பார்மசிக்கு முதல் எழுத்திலேயே அடைத்துக்கொண்டது. உதடு மட்டும் நடுங்கியது. தானே பதில் சொல்லிவிடலாம் என்று லீடர் எழப் போனாள்.

மேஜர் முந்திக்கொண்டார். "மன்னிக்கணும் சார், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒவ்வொரு கேள்வியா கேட்டீங்கன்னா நல்லா இருக்கும். மேடம், நீங்களும் எனக்காக மெதுவாவே சொல்லுங்க."

அறை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. லீடருக்கு மானம் போனது போலிருந்தது.

பார்மசி மேஜரின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். நிறுத்தினாள், மூச்சு விட்டாள், இரண்டு மூன்று இடத்தில் திக்கினாள், ஆனால் தானே முடித்தாள். விலையைக் குறைக்காமலே எப்படி விற்கலாம் என்று அவள் விளக்க விளக்க, நடுவர்கள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள்.

முடிந்து லீடரும் மேஜரும் வெளியே வந்தபோது மேஜரின் மனைவி வாசலில் காருடன் காத்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் ஒழுங்கா படிக்கிறாராம்மா?" என்று லீடரைக் கேட்டார்.

"படிப்பெல்லாம் சரிதான்க்கா. அந்தக் காதைத்தான் நல்ல டாக்டர்கிட்ட காட்டணும். பீரங்கிச் சத்தத்துல போச்சாமே."

"காதா?" மனைவி சிரித்துவிட்டார். "நான் சமையல்கட்டுல முணுமுணுத்தா மாடியில இருந்து பதில் சொல்ற மனுஷன்மா இவர். பீரங்கியை எங்கே பார்த்தார்? இவர் இருந்தது சப்ளை பிரிவு. மாவு மூட்டையும் கம்பளியும்தான் இவருக்குத் தெரியும்."

மனைவி காரை எடுக்கப் போனதும் லீடர் மேஜரிடம் திரும்பினாள். "எதுக்கு சார் இந்தப் பொய்?"

மாட்டிக்கொண்ட மேஜர் நெளிந்தார். "மலைமேல இருக்கிற முகாமுக்குச் சாமான் தூக்கிட்டு வரிசையா ஏறுவோம் மேடம். அதுல யார் மெதுவா நடக்கிறாரோ அவரைத்தான் முன்னால விடுவோம், அவர் வேகத்துலயே எல்லாரும் நடப்போம். பின்னால விட்டா தனியா தங்கிடுவார். இங்கே பார்மசியை முன்னால நிறுத்தினா எல்லாரும் அவங்க வாயையே பார்ப்பாங்க. அதான் மெதுவான ஆளா நான் முன்னால போய் நின்னுக்கிட்டேன். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

லீடருக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. "சார், நான் உங்களை டீம்ல இருந்து..."

"தெரியும் மேடம். நேத்து நீங்க பேராசிரியர்கிட்ட பேசும்போது நான் வெளியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாம் கேட்டுச்சு."

"கேட்டுமா இன்னிக்கு மறுபடியும் அத்தனை பேர் முன்னால காது மந்தம்னு சொன்னீங்க?"

"இன்னிக்குத்தானே மேடம் அவங்க பேச வேண்டியிருந்துச்சு."