வெள்ளிக்கிழமை களவெடுத்த எட்டுச் சதுரங்கள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, லண்டன் ஃபாரஸ்ட் கேட் தேவாலய மண்டபத்துக்குள் வாமதேவன் ஒரு பெட்டி சோடாவைச் சுமந்துகொண்டு நுழைந்தார். சோடாவை யாரும் கேட்கவில்லை. களவெடுக்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவராகவே கண்டுபிடித்த தொழில் ரகசியம்.

எடுக்க வந்தது எட்டுச் சதுரங்களை. மறுநாள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை. ஜெயகௌரி டீச்சர் கறுப்புப் புள்ளிகள் அப்பிய எட்டுக் கடதாசிச் சதுரங்களை மண்டபம் முழுக்க ஒட்டியிருந்தார். போன் கமராவை ஒரு சதுரத்துக்கு நேரே பிடித்தால் ஒரு கேள்வியும், அடுத்த சதுரம் இருக்கும் இடமும் திரையில் வரும். தமிழ் எழுத்து அந்தப் போன்களில் வெறும் கட்டங்களாய்த் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். 2009இல் இது சந்திரனுக்கு ராக்கெட் விட்ட மாதிரி. பிள்ளையைச் சாட்டி அப்பாமார் எல்லோரும் புதுப் போன் வாங்கிவிட்டார்கள்.

போன இரண்டு வருடமும் பாலேந்திராவின் பிள்ளைதான் வென்றதால் வெற்றிக் கோப்பை அவருடைய கடைக் கண்ணாடிக்குள் இருந்தது. அந்தக் கடை வாமதேவன் கடைக்கு நேரெதிரே. லண்டனில் வெயில் எறிக்கிற நாலே நாலு நாளும் அது வாமதேவனின் கண்ணுக்குள்ளேயே மின்னியது. இம்முறையும் மகள் லோஜினி தோற்றால் கடையை லண்டனின் மறுகோடியில் இருக்கும் ஸ்ட்ரெதமுக்கே மாற்றிவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார்.

நல்லகாலம், டீச்சர் சூதுவாது தெரியாத மனுசி. ஐந்து மணிக்கு ஒட்டி முடித்து ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விடுவேன், பட்மின்டன் ஆடுபவர்களுக்காக மண்டபம் எட்டு மணி வரை திறந்திருக்கும் என்று போன கிழமை கூட்டத்தில் அவரே உரக்கச் சொல்லியிருந்தார்.

வாமதேவன் கதவுக்குப் பின்னால் ஒன்று, பியானோவின் வயிற்றில் ஒன்று என்று போனைப் பிடித்துக்கொண்டே போனார். ஆறாவது சதுரத்தடியில் பாலேந்திரா குந்தியிருந்தார். பட்மின்டன் பந்தைத் தேடுவதாகச் சொன்னார். கையில் மட்டை இல்லை. வாமதேவன் சோடா கொண்டுவந்த கதையைச் சொன்னார். சோடா வாசலிலேயே கிடந்தது. இருவரும் மிகுந்த மரியாதையோடு விலகிப் போனார்கள்.

வீட்டில் கேள்விகளைப் பார்த்தால் எல்லாம் ஒரு மாதிரி. ஒருவர் நாளுக்கு எவ்வளவு உப்புச் சாப்பிடலாம்? சாப்பாட்டுத் தட்டில் சோறு எத்தனை பங்கு? நெஞ்சு இறுக்கினால் என்ன செய்ய வேண்டும்? சரி, விஞ்ஞானப் பாடம் என்று முடிவுகட்டி, சூரிச்சில் இருந்த தம்பியையும் பாரிஸில் இருந்த மச்சானையும் போனில் பிடித்து விடைகளைத் தேடினார். லோஜினிக்கு ஒன்பது வயது.

“அப்பா, ஆம்பிளையளின்ரை இடுப்பளவு எனக்கு என்னத்துக்கு?”

“கேள்வி கேளாதை. முப்பத்தைஞ்சு இஞ்சுக்குள்ளை. பாடமாக்கு.”

பிள்ளையைப் பாடமாக்க வைப்பதற்காகத் தானே நூறு தரம் சொன்னார். குளிக்கும்போதும் சொன்னார்.

சனிக்கிழமை விசில் ஊதியது. பதினைந்து பிள்ளைகளில் பதினாலு பேர் போனைத் தொடவேயில்லை. நின்ற இடத்திலேயே மளமளவென்று எழுதி நாலு நிமிடத்தில் நீட்டிவிட்டார்கள். டெனுசன் மட்டும் தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய அப்பா யாக்கோப்பு பஸ் ஓட்டுபவர். வெள்ளிக்கிழமை பின்னேர ஷிப்டை விட்டுவிட்டுக் களவெடுக்க வர அவருக்கு ஏலவில்லை. பிள்ளை நாற்பது நிமிடம் அலைந்து, எட்டில் ஐந்தைச் சரியாக எழுதிக்கொண்டு வந்தான்.

டீச்சர் பதினாலு தாள்களையும் புரட்டினார். எல்லாத் தாளிலும் எட்டும் சரி. இதை ஆர் சொல்லித் தந்தது என்று லோஜினியைக் கேட்டார்.

“அப்பா.”

மற்றப் பதின்மூன்று பேரையும் கேட்டார், அதே பதில். பதின்மூன்று அப்பாமார் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள்.

களவு பிடிபட்டால் பள்ளியிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள் என்று ஒரு கதை உலாவியது. கோப்பை போனால் போகட்டும், பிள்ளையின் படிப்பு? வாமதேவன் எழும்பினார்.

“டீச்சர், களவெடுத்தது நான். பிள்ளையின்ரை பேரை வெட்டிப் போடாதேங்கோ.”

“நீங்கள்தான் எண்டு நான் எப்பிடி நம்புறது, அண்ணை? எட்டு விடையையும் சொல்லுங்கோ பாப்பம்.”

ஊரே பார்த்திருக்க, கைகட்டிச் சொன்னார். உப்பு ஆறு கிராம், ஒரு தேக்கரண்டி. சோறு தட்டில் கால் பங்கு. நெஞ்சு இறுக்கினால் தைலம் தேய்த்துக்கொண்டிராமல் 999க்கு அடித்து அம்புலன்ஸ். இடுப்பளவைச் சொல்லும்போது தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு பிழையில்லை. அடுத்து பாலேந்திரா எழும்பினார். அவருக்கு ஏழுதான் வந்தது. எட்டாவதையும் சொல்ல வைத்துத்தான் டீச்சர் அவரைக் கதிரையில் இருக்கவிட்டார். இப்படியே பதினாலு பேரும்.

யாருடைய பெயரும் வெட்டப்படவில்லை. கோப்பை டெனுசனுக்குப் போனது. இனிமேல் வெயில் எறித்தாலும் கண் கூசாது என்று வாமதேவன் மனதைத் தேற்றிக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு டீச்சர் கதிரையை இழுத்துப் போட்டு, உள்ளூர்க் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பினார்:

‘நாற்பது தாண்டிய தமிழ் ஆண்களுக்கான இலவசச் சுகாதார வகுப்பு: மூன்று முறை அழைத்தும் ஒருவரும் வரவில்லை, நாலாம் முறை வந்தவர்கள் பதினாலு பேர், வாய்மொழிப் பரீட்சையில் அனைவரும் பாஸ், வகுப்புக்கு வராதவர், யாக்கோப்பு.’