ஆடு இல்லாத மாப்பிள்ளை

பிழைப்புக்காக எல்லை கடக்கிறவர்களைக் காக்கும் புனிதரின் படத்துக்கு முன்னால் கசிமீரோ மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான். அமெரிக்கத் தூதரகத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தச் சின்ன தேவாலயத்தில் வேறு யாரும் அப்படி அழவில்லை.

பின்னால் நின்ற மாமனார் இஹினியோவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "பாத்தீங்களாடா, விசாவுக்காக என் மாப்ள எப்படி உருகுறாருன்னு" என்று கூட வந்த ஊர்க்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டார்.

கசிமீரோ உருகியது உண்மைதான். ஆனால் அவன் புனிதரிடம் கேட்டுக்கொண்டது வேறு.

"எனக்கு மட்டும் விசா கிடைக்காம பண்ணிடு சாமி."

தன் ஊரான ரியோவெர்தேயில் ரொட்டி சுட்டு விற்கும் கசிமீரோவுக்கு நாற்பதைத் தாண்டித்தான் கல்யாணம் ஆனது. தெல்பீனா வந்தபிறகுதான் வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓட வேண்டும் என்கிற ஆசையே அவனுக்கு வந்தது. காலையில் கல்லிலிருந்து எடுக்கும் முதல் சோள ரொட்டியை, அந்தத் தோர்தியாவை, உப்புத் தூவிச் சுருட்டி அவன் கையில்தான் கொடுப்பாள். அதை விட்டுவிட்டு எட்டு மாசம் அமெரிக்காவின் வட கரோலினாவில் புகையிலை பறிக்கப் போவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மாமனாரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட முடியாது. வருஷம் தவறாமல் போய்வந்த இஹினியோவுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தன் இடத்துக்கு மாப்பிள்ளை வருவார் என்று அங்கே முதலாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

போகமாட்டேன் என்றால் பொண்டாட்டிதாசன் என்று ஊரே சிரிக்கும். தூதரகம் மறுத்துவிட்டால் மட்டும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், பாவம் என்று தோளில் தட்டிக் கொடுப்பார்கள். ரியோவெர்தேயில் ஒரு ஆண்பிள்ளை மானத்தோடு வீட்டில் இருக்க அந்த ஒரு வழிதான் உண்டு.

முந்தைய நாள் விடுதி அறையில் இஹினியோ எல்லாருக்கும் பாடம் நடத்தியிருந்தார். "தூதரகத்துக்காரங்களுக்கு ஒரே ஒரு பயம்தான்டா. போனவன் திரும்பி வருவானா, அங்கேயே தங்கிடுவானான்னு. பொண்டாட்டி, சோளக்காடு, ஆடு எல்லாம் காத்துட்டிருக்குன்னு சொல்லுங்க." ஆடு இல்லாதவர்களுக்கு அவரே வாய்ச்சொல்லில் ஆடு கொடுத்தார். கசிமீரோவின் பங்குக்கும் ஒரு டஜன் ஆடு வந்தது.

தூதரகத்துக்குள் மாமனாரை விடவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முகமெல்லாம் புள்ளி விழுந்த ஒரு இளம்பெண், விசா அதிகாரி, உட்கார்ந்திருந்தாள். கசிமீரோவுக்கு முன்னால் நின்ற அவன் ஊர் நண்பன் மெல்கியாதெஸ் மூச்சுவிடாமல் பாடத்தை ஒப்பித்தான். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க இங்க நிக்கிறீங்களே, இப்ப ஆட்டையெல்லாம் யாரு மேய்க்கிறாங்க?"

மெல்கியாதெஸ் உதவிக்குக் கசிமீரோவைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த நிமிஷம் அவனுடைய பாஸ்போர்ட் கண்ணாடிக்கு அடியில் வெளியே வந்து விழுந்தது. மறுக்கப்பட்டவர்களுக்கு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கிடைத்தவர்களுடையது உள்ளேயே தங்கிவிடும்.

கசிமீரோவுக்கு நண்பனை நினைத்துப் பாவமாக இருந்தாலும் உள்ளுக்குள் தெம்பு வந்தது. இத்தனை ஆடு வைத்திருந்தவனுக்கே கிடைக்கவில்லை. ஆடே இல்லாதவனுக்கா கொடுத்துவிடப் போகிறார்கள்?

"உங்களுக்கும் ஆடு இருக்கா?" என்றாள் அவள், அலுப்போடு.

"ஒண்ணுகூட இல்ல மேடம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சோளக்காடு உண்டா என்று கேட்டாள், அதுவும் இல்லை என்றான். சொந்த வீடாவது இருக்கிறதா என்றாள், வாடகை வீடு என்றான். ஒவ்வொரு இல்லைக்கும் அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அப்ப எதுக்குத்தான் எங்க நாட்டுக்கு வர்றீங்க?"

ஊர்க்காரர்கள் காதில் விழாமலிருக்கக் கசிமீரோ கண்ணாடியோடு வாயை ஒட்டிக்கொண்டான்.

"எனக்குப் போகவே இஷ்டமில்ல மேடம். மாமனார் இழுத்துட்டு வந்துட்டாரு. நீங்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா புண்ணியமாப் போவும்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்டாள். ஒரு மனுஷி கேட்கிறாளே என்று அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தனியாக இருந்த வருஷங்களையும், தெல்பீனா வந்து சேர்ந்ததையும், உப்புத் தூவிய தோர்தியாவையும் சொன்னான். கல்யாணத்துக்கு அப்புறம் அவளைப் பிரிந்து படுத்தது நேற்றுதான் முதல் தடவை என்றும், கண்ணை மூடவே முடியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

"எட்டு மாசமெல்லாம் நான் தாங்கமாட்டேன் மேடம். வேலை முடியுற அன்னிக்கு பஸ்ஸுக்குக்கூட நிக்கமாட்டேன், நடந்தே வந்துடுவேன்."

அந்தப் பெண் கடைக்கண்ணை விரலால் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று கசிமீரோவுக்குத் தோன்றியது. சாயங்காலப் பேருந்தைப் பிடித்தால் விடிவதற்குள் வீட்டில் இருக்கலாம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளக் கண்ணாடிக்கு அடியில் கையை நீட்டினான்.

அவள் அதை எடுத்துத் தனக்குப் பின்னால் இருந்த தட்டில் பத்திரமாக வைத்தாள்.

"காலையிலேருந்து எத்தனையோ பேரப் பாத்துட்டேன். கண்டிப்பா திரும்பி வருவாருன்னு நம்பிக்கை வந்தது உங்க ஒருத்தர் மேலதான். விசா குடுத்தாச்சு."