மருந்து ஒவ்வாமை

விண்ணப்பத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி.

“களப்பணியாளர் ஒருவர் மருந்து ஒவ்வாமை காரணமாகப் பணியிலிருந்து விலகிக்கொண்டார்.”

ஒவ்வாமையாம். தூ.

அந்தக் களப்பணியாளர் பெயர் மாரித்தாய். எம். புதுப்பட்டிக்காரி. இந்த அறைக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருக்கிறாள். அதில் மிச்சம் இரண்டு விரல்.

விருதுநகரில் கூட்டம். மேற்கே மலையில் இருக்கும் சரணாலயத்துக்குள் யார் ஆராய்ச்சி செய்யலாம், யார் கூடாது என்று விண்ணப்பங்களைப் படித்துச் சொல்லும் குழு. ஐந்து பேர். நான்கு பேர் சென்னையிலிருந்து வந்தவர்கள். அதில் ஒருவர் தூங்கியே விட்டார். ஐந்தாவது ஆள் நான், சிவகாசியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள்.

எதிரே விண்ணப்பக்காரன் ஸ்ரீராம்குமார். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். விஸ்வநத்தம் பக்கம் அவன் மாமனாருக்குப் பட்டாசு கம்பெனி.

காட்டுப்பன்றிகள் மலையிலிருந்து இறங்கி மக்காச்சோளத்தை அழிக்காமல் தடுப்பது அவனுடைய ஆராய்ச்சி. பன்றி வருகிற தடத்தில் மருந்து புதைக்க வேண்டும். பன்றி கால் வைத்தால் மிரண்டு திரும்பி ஓடிவிடும். போன வருடம் எட்டுப் பெண்களை வைத்துப் புதைத்தான். இந்த வருடத்துக்கும் அனுமதி வேண்டுமாம். இருபது பெண்கள் வேண்டுமாம்.

சென்னைக்காரர்களுக்கு மருந்து என்றால் மருந்துக்கடை. ஏதோ பன்றிக்கு ஆகாத நெடி என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் காய்ச்சலுக்குத் தின்பதை மாத்திரை என்போம். மருந்து என்றால் ஒன்றுதான். பட்டாசுக்குள் அடைப்பது.

மாரித்தாய் அதைப் புதைத்துவிட்டு மேலே ஒரு கல்லை நகர்த்தி வைத்திருக்கிறாள். கல் உரசிவிட்டது. காட்டுக்குள் வெடி எப்படி வந்தது என்று யாராவது கேட்டுவிடக் கூடாதே! குக்கர் வெடித்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்ல வைத்திருக்கிறார்கள். அவள் வீட்டில் குக்கரே கிடையாது.

விண்ணப்பத்தில் விலங்கு நலனுக்கு மட்டும் ஒன்பது பக்கம். சினைப்பன்றி நடமாடும் தடத்தை விட்டுவிட வேண்டும். சாம்பல் அணில் கூடு கட்டிய மரத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளித்தான் வேலை. வாரம் ஒருமுறை கால்நடை மருத்துவர் வந்து பார்ப்பார். அணிலுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக இருக்கட்டும்.

பெண்களுக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒவ்வாமை வரி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்தப் பயல் ஒரு பொம்பளையின் மூன்று விரலை மறைத்துவிட்டு, சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

கடைசியில் இருபது பெண்களின் பட்டியல். பதினான்காவது பெயர் பாண்டிமீனா. மாரித்தாயின் மகள்.

காலையில் என்னைக் கண்டதும் மாரித்தாய் எழுந்து நின்றிருந்தாள். விரல் போன கதையை அப்போதுதான் சொன்னாள். “நீங்க உள்ள இருக்கீகன்னு கேள்விப்பட்டுத்தான் டீச்சர் ஓடியாந்தேன். எம் மகளையும் பேர் எழுதிட்டாக. நான் சொன்னா எடுபடாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்புடுங்க.”

ஒரு வார்த்தைதான்.

தலைவர் கோப்பை மூடிக்கொண்டே, “யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?” என்றார்.

“இருக்கு சார். மருந்து மருந்துன்னு எழுதியிருக்காரே, அது என்ன மருந்துன்னு சொல்லச் சொல்லுங்க.”

ஸ்ரீராம்குமார் பதறுவான் என்று நினைத்தேன். சிரித்தான். தன் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து, தலைவரிடம் கொடுக்காமல், என் பக்கமாக மெல்லத் தள்ளினான்.

“மேடத்துக்கே தெரியுமே சார்.”

பிரித்துப் பார்த்தேன். போன வருட விண்ணப்பத்தின் முதல் வரைவு. ‘வெடிமருந்து’ என்று ஒழுங்காகத்தான் தட்டச்சு செய்திருந்தான். ‘வெடி’யை மட்டும் யாரோ சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். ஓரத்தில் அதே சிவப்பில் குறிப்பு.

“ஏலே, வெடின்னு கண்டாலே மெட்ராஸ்காரங்க அனுமதி தர மாட்டாங்க. நம்ம ஊர்ல சொல்ற மாதிரி வெறும் மருந்துன்னு போடு. பாஸ் ஆயிரும்.”

கீழே என் சுருக்கொப்பம்.

அவன் என்னிடம் ஐந்து வருடம் படித்தவன். என் மாணவனின் ஆராய்ச்சி என்று கல்லூரி முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போய்த் திரிந்தேன் நான். யார் கையால் புதைப்பான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாளை மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொள்வேன் என்று அவன் காத்திருந்தான். வைத்துக்கொண்டிருக்கலாம். என் கை ஒரு நிமிடம் அப்படித்தான் போனது. சீ.

தலைவரிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பதினோராம் பக்கத்தைப் படித்தபோது என் முகம் எப்படிக் கோணியிருக்குமோ, அவர் முகம் இப்போது அப்படிக் கோணியிருந்தது.

“வெடி சார்,” என்றேன். “அடிச்சது நான்தான். ரெண்டையும் எழுதிக்கிடுங்க.”

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவைத் திறந்தேன்.

மாரித்தாய் மறுபடியும் எனக்காக எழுந்து நின்றாள்.