குழி மூடும் தாளம்

உப்பளத்தில் ஒரு பழைய கிடங்கின் சிமெண்டுத் தரையில் அத்ரியான் நாலு விரல் உயரத்துக்குக் கடல் மணலைப் பரப்பியிருந்தான். சாயங்காலம் அங்கே அவனுடைய கச்சேரி. முட்டையிட்டு முடித்த கடலாமை, குழியை மணலால் மூடி, வயிற்றால் இடமும் வலமுமாகத் தட்டி இறுக்கும். அந்தத் தட்டலைத்தான் அவன் உள்ளங்கைகளால் மணலில் வாசிக்கப் போகிறான். இந்த வருஷம் காலாப்பட்டுக் கரையில் செத்து ஒதுங்கிய ஒவ்வோர் ஆமைக்கும் ஒரு தட்டு.

காலையில் பூட்டைத் திறந்தபோது, கடல் பக்கச் சுவரிலிருந்து மணலின் நடுவரைக்கும் ஆமை ஊர்ந்த தடம் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

"யாரோ விளையாட்டு காட்டியிருக்காங்க," என்று சிரிக்கப் பார்த்தான்.

கூட வந்த ஸமீஹா சிரிக்கவில்லை. ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பாற்றுகிறவள் அவள். கரையில் செய்வதைப் போலவே, தடம் முடிந்த இடத்தில் குச்சியை மெல்ல அழுத்தினாள். வெறும் மணலில் குச்சி நிற்கும். அடியில் குழி இருந்தால் இறங்கும்.

ஒரு முழக் குச்சி முழுக்க இறங்கி, அவள் விரல்கள் மணலைத் தொட்டன.

"அடியில சிமெண்டுதான, அத்ரியான்?"

அவன் ஓடிப்போய்க் தானாகச் சாத்திக்கிடந்த கதவைத் தள்ளினான். அசையவில்லை. கதவின் கீழ் இடுக்கு வழியாக ஈர மணல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அப்போது அவர்கள் தலைக்கு மேலே, கூரைமீது, தட்டல் தொடங்கியது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அவசரமே இல்லாமல்.