மக்காத தட்டு

"மூணு மாசம் மண்ணுக்குள்ள கிடந்துச்சும்மா உங்க தட்டு. பாருங்க, புது மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்திருக்கு!"

இயக்குநர் தட்டை விரல் நகத்தால் சுண்டினார். மேசையைச் சுற்றி இருந்த மதிப்பீட்டுக் குழு மொத்தமும் சிரித்தது. அவர் சிரித்தால் சிரிப்பது அவர்களுக்குப் பாதி வேலை. மீதி வேலை கையெழுத்துப் போடுவது.

தட்டுக்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். அவளும் நாத்தனாரும் பட்டறை வைத்து, கரும்புச் சக்கையை அரைத்து அழுத்திச் செய்த தட்டு அது. ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாற்றாக எதையெல்லாம் அனுமதிக்கலாம் என்று பார்க்கத்தான் அரசாங்கம் இந்தக் குழுவைப் போட்டிருந்தது. மூன்று மாதத்தில் மண்ணில் மக்கினால் அனுமதி. இல்லையென்றால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எங்க வீட்டுக் கொல்லையில போட்டா ஒரு மாசத்துல மண்ணோட மண்ணா போயிடுது சார்."

"உங்க கொல்லை வேற, அரசாங்க மண்ணு வேற." மறுபடியும் சிரிப்பு. "மக்கும்னு அட்டையில அச்சடிச்சுட்டா மக்கிடுமா? ஊரை ஏமாத்தலாம்மா. விஞ்ஞானத்தை ஏமாத்த முடியுமா?"

அவள் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் நாத்தனார் பேனாவால் எழுதிய பட்டறைப் பெயர் மை கலையாமல் அப்படியே இருந்தது. பேருக்குக்கூட மண் ஒட்டியிருக்கவில்லை.

"கழுவினீங்களா சார்?"

"எதுக்குக் கழுவணும்? என் ஆபீஸ்ல எல்லாமே சுத்தமாத்தான் நடக்கும். உங்க பட்டறைன்னு நினைச்சீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்று ஒன்று உறைத்தது. மெழுகு! சூடான சூப்பை ஊற்றினால் தட்டு ஊறிப்போகிறது, மேலே ஏதாவது பூசினால் என்ன என்று நாத்தனார் கொஞ்ச நாளாகவே நச்சரித்துக்கொண்டிருந்தாள். கூடவே கூடாது என்று இவள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

வராந்தாவுக்கு ஓடிவந்து போன் போட்டாள்.

"இங்க அனுப்பின தட்டுல என்னத்தடி பூசின?"

"எதுவும் பூசலையே அண்ணி."

"பொய் சொல்லாத! தட்டு மக்கவே இல்ல. அத்தனை பேர் முன்னாடி என் மானம் போச்சு."

"என் பிள்ளைங்க மேல சத்தியமா அண்ணி..."

"இனிமே பட்டறைப் பக்கம் தலை காட்டாத!"

போனைத் துண்டித்தாள். கூடப் பிறந்த தங்கையைவிட மேலாக நினைத்தவள் முதுகில் குத்திவிட்டாளே என்று அழுகை முட்டியது. இந்தக் கூட்டத்துக்கு முன்னால் அழக் கூடாது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குள் காரியம் முடிந்திருந்தது. அவளுடையது மட்டும் இல்லை. வைக்கோல் கிண்ணம், மாவில் செய்த கரண்டி, பாக்கு மட்டைத் தட்டு என்று வந்திருந்த அத்தனைக்கும் 'தகுதியற்றது' முத்திரை விழுந்திருந்தது. எதுவுமே மக்கவில்லையாம்.

"ஆக, பிளாஸ்டிக்குக்கு மாற்றே கிடையாதுன்னு அறிக்கை அனுப்பிடலாம்" என்று இயக்குநர் சோம்பல் முறித்தார். குழு ஒரே நேரத்தில் தலையாட்டியது.

அப்போது அவருடைய உதவியாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். குழி தோண்டிப் புதைத்ததும் காலையில் தோண்டி எடுத்ததும் அவர்தான். கையில் நீர் சொட்டும் ஒரு கட்டு, முகம் நிறையப் பெருமை.

"சார், நீங்க சொன்ன மாதிரி தட்டுங்களை உள்ள போட்டு ஒட்டிப் புதைச்சோமே, அந்த பிளாஸ்டிக் கவர் ஒண்ணுகூடக் கிழியல சார்!"