ஜெபத்துக்கு ஒரு பெயர்

ஜெப அறைத் தொலைபேசி அடித்தபோது அவள் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலைகளில் சபைக்கு அழைப்பவர்களின் பாரத்தைக் கேட்டு, அவர்களுக்காக ஜெபிக்கிற பொறுப்பு அவளுடையது. இன்றோடு சரி.

போன வாரம் ஒரு கல்யாண ஆராதனையில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டதில், மணமக்களுக்கு முன்னால் நின்று இறந்தவர்களுக்கான அடக்க ஆராதனைக்குரிய பகுதியைப் பாதிவரை வாசித்துவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வேதாகமத்தைத் திருப்பக்கூடத் தெரியாதவளுக்கு ஊரார் பாரத்தைச் சுமக்க என்ன தகுதி என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதி, அதைப் போதகரிடமும் சொல்லிவிட்டாள். போதகரோ, அதே கல்யாணத்தில் மணமகளின் பெயரையே தானும் மாற்றிச் சொன்னதை நினைவூட்டிப் பார்த்தார்.

அது வேறு, இது வேறு என்றாள்.

ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் வயதான ஒரு அம்மா. வார்த்தைகள் வழுக்கி வழுக்கி வந்தன. கூர்ந்து கேட்டால்தான் புரிந்தது.

தனக்காக இல்லையாம். வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளாம், அவளுக்காக. பாவம், விடிந்தால் போதும், அந்தப் பெண்ணுக்கு ஏச்சுதானாம். இன்று காலை பால் பொங்கிவிட்டது. அதற்கு, மண்டையில் மூளை இருக்கா களிமண் இருக்கா என்று ஒரு பாட்டு. சாவியைக் காணவில்லை. அதற்கு, கழுதைக்கு வாக்கப்பட்ட கழுதை என்று இன்னொன்று.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கைகால் விழுந்தவர்களை நடக்கப் பழக்குவது அவளுக்கு வேலை. ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தால் போதும், மலையேறி வந்தவரைப் பார்ப்பது போலக் கை தட்டுவாள். அப்படிப்பட்டவளுக்கு இதைக் கேட்கக் கேட்கக் காது சூடேறியது.

மாமியாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சேச்சே. மாமியார் தங்கம். அதை நான் எங்க வேணா வந்து சொல்லுவேன்.”

புருஷனா என்றாள். அவன் வாயில்லாப் பூச்சி, எறும்பைக்கூட அதட்ட மாட்டான் என்று பதில் வந்தது. பிறகு யார் என்றதற்கு, கூடவே இருக்கிற ஆள்தான், பேரைச் சொன்னால் பொல்லாப்பு என்று மழுப்பினார் அந்த அம்மா. அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் ராத்திரி ஜெபம் பண்ண முழங்கால் போட்டால்கூட அந்த ஆள் விடுவதில்லையாம். செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, உனக்கு ஜெபம் ஒரு கேடா என்று கேட்குமாம்.

அவளால் பொறுக்க முடியவில்லை. ஜெப அறையில் குரலை உயர்த்தக் கூடாது என்பது சபையின் ஒழுங்கு. உயர்த்தினாள்.

“அவங்களைச் சும்மா இருக்கச் சொல்லுங்கம்மா. ஆண்டவரே மன்னிச்சு விட்டுட்டார். அதுக்கப்புறம் உக்காந்து திட்டறதுக்கு இவங்க யாரு? அவரைவிடப் பெரிய ஆளா?”

பிறகு, தனக்குக் காது சற்று மந்தம், அதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று அந்த அம்மா பணிவாகக் கேட்டார்.

சொன்னாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, அழுத்தி.

இன்னும் ஒரே ஒரு தடவை என்றார் அந்த அம்மா. அதையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கியிருந்தது. அந்த முகம் தெரியாத பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையை வருடிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

சரி, ஜெபிக்கலாம் என்றாள். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னால் பெயர் சொல்லியே ஆண்டவரிடம் கேட்கலாம் என்றாள்.

கண்ணாடி டம்ளரில் எதுவோ உரசுகிற சத்தம். அப்புறம் ‘டக்’ என்று ஒரு சின்ன ஓசை, பல்செட் ஈறில் போய் உட்காரும்போது வருவது.

அடுத்து வந்த குரலில் வழுக்கலே இல்லை. அது தினமும் காலையில் காபி கலந்துவிட்டு அவளைக் கூப்பிடுகிற குரல். கூப்பிடுகிற அதே இழுப்போடு அது ஒரு பெயரைச் சொன்னது.

அவளுடைய பெயரை.

காலையில் பால் பொங்கியபோது அடுப்படியில் அவளைத் தவிர யாரும் இருக்கவில்லை. சாவியைத் தேடும்போதும்தான். தன்னைத் தானே அவள் ஏசிக்கொண்டது அடுத்த அறை வரை கேட்டிருக்கிறது.

“கண்ணை மூடிட்டேன், ஆரம்பி” என்றார் மாமியார்.

அவள் வாயைத் திறந்தாள். தனக்காக ஜெபிக்கும்போது எப்போதும் முதலில் வருகிற வசைகள், இப்போதும் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. சற்று முன் தானே தொண்டை கிழியச் சொன்னதை அவற்றிடம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றிரண்டு முணுமுணுத்தன. மற்றவை வழிவிட்டன.

மற்றவர்களுக்காக ஜெபிக்கிற குரலிலேயே, அதே பரிவோடு, தன் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் பேசத் தொடங்கினாள். முதல் வாக்கியம் தடுமாறியது. அதற்காக யாரும் அவளைத் திட்டவில்லை.

மாமியாரின் ஆமென் கொஞ்சம் அவசரமாக வந்தது. அடுப்பில் எதுவோ இருந்திருக்க வேண்டும்.

ரிசீவரை வைத்த கையோடு மணி மறுபடி அடித்தது.

எடுத்தாள்.